இஞ்சினுக்குப் பூசிய சந்தனம்

ஒரு காட்டில், அதாவது தண்ணீர் ஏறினால் கடல், இறங்கினால் சேறு என்று இருக்கும் ஓர் அலையாத்திக் காட்டில், சிங்காரம் என்ற நீர்நாய் படகு ஓட்டிப் பிழைத்துவந்தது. நீந்தத் தெரிந்த பிராணிக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

படகின் பின்னால் ஓர் அவுட்போர்டு இஞ்சின் தொங்கியது. பொத்தானை மேல்பக்கம் அழுத்தினால் இஞ்சின் தானே தண்ணீரைவிட்டு எழும்பும். கீழ்ப்பக்கம் அழுத்தினால் இறங்கும். அந்தத் துறையில் வேறு எந்தப் படகுக்கும் இந்த வசதி கிடையாது. குடும்பம் குட்டி இல்லாத சிங்காரத்துக்கு அந்தப் படகுதான் எல்லாம். சவாரி இல்லாத நேரத்திலும் இஞ்சினைத் தூக்கி இறக்கிப் பார்த்துப் பூரித்துப்போகும்.

ஒருநாள் தீவுச் சந்தை முடிந்து பயணிகளோடு திரும்பிக்கொண்டிருந்தது. பொன்னுருவி என்ற வெள்ளாடு, தணிகாசலம் என்ற நரி, மிச்சமெல்லாம் முயல்கள். முகத்துவாரத்து மணல்திட்டை நெருங்கும்போது தண்ணீர் மளமளவென்று வடிந்துகொண்டிருந்தது. இஞ்சினைத் தூக்கிக்கொண்டு, கோல் ஊன்றித் திட்டைத் தாண்டுவது தினசரி வேலைதான். சிங்காரம் பொத்தானை அழுத்தியது.

'டிக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் அசையவில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடி 'டிக்'. கையால் தூக்குவதற்கென்று இருந்த திருகோ உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. இஞ்சினின் அடி மணலில் குத்தி, படகு நின்றுவிட்டது.

இறங்கித் தள்ளலாம் என்றால், திட்டின்மேல் சங்கிலி என்ற முதலை படுத்திருந்தது.

"அவசரமே இல்ல," என்றது சங்கிலி. "தண்ணி முழுசா வடியட்டும். நானே வந்து பாக்கறேன்."

முயல்கள் அழத் தொடங்கின. நரி செல்போனை எடுத்தது. "பதறாதீங்க, இதுக்கு வீடியோ இருக்கு." வீடியோவில் ஒரு மரங்கொத்தி வந்து, முதலில் மணிப் படத்தை அழுத்தச் சொன்னது. நரி அழுத்தியது. அடுத்து மரங்கொத்தி தன் மாமியார் வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

"ஃபியூஸ் போயிருக்கும்," என்று நரி முடிவாகச் சொன்னது.

"ஃபியூஸ் போனா டிக்குனு சத்தமே வராது, மடையா!" என்று திட்டிலிருந்து குரல் வந்தது. பசி ஒரு பக்கம் இருந்தாலும், தப்பான இடத்தில் பழுது தேடுவதைச் சங்கிலியால் சகிக்க முடியவில்லை. "சத்தம் வருதுன்னா சுவிட்ச் நல்லாருக்கு. பேட்டரி எப்படி?"

"ஹாரன் நல்லா அலறுதுண்ணே," என்றது சிங்காரம்.

"அப்ப ரிலேவப் பாரு, மோட்டாருக்குக் கரண்டத் தள்ளிவிடற சின்னப் பொட்டி. மூடியத் தொறந்து வயர் மாட்டுற எடத்தப் பாரு."

எல்லாம் முதலையை வியப்போடு பார்த்தன. "ரெண்டு மெக்கானிக்க சாப்பிட்டிருக்கேன்," என்றது சங்கிலி அடக்கமாக. "சாப்பிடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிக்கிட்டிருப்போம்."

சிங்காரம் மூடியைத் திறந்தது. தூக்குவதற்கு ஒரு ரிலே, இறக்குவதற்கு ஒரு ரிலே என்று இரண்டு இருக்கவேண்டும். இரண்டுமே கண்ணில் படவில்லை. உள்ளே முழுக்கச் சந்தனம், நடுநடுவே குங்குமம்.

"ஆயுத பூசைக்கு நாந்தான் வெச்சேன்," என்றது பொன்னுருவி பெருமையாக. "வெளிய மட்டும் வெச்சா உள்ள இருக்கறதுக்கு மனசு கஷ்டப்படாதா? போன மாசம் மக்கர் பண்ணப்ப இன்னொரு தடவ வெச்சேன்."

"உருப்பட்ட மாதிரிதான்!" என்று முதலை தலையில் அடித்துக்கொண்டது. கை எட்டாததால் மணலில் அடித்துக்கொண்டது. "அடியில பச்சையா களிம்பு ஏறியிருக்கும். எல்லாத்தயும் தொடைச்சு எடு."

"பூசின சந்தனத்தத் தொடைக்கறதா?" பொன்னுருவி எழுந்து நின்றது. "நாம வெளங்குவமா?"

விளங்கமாட்டோம் என்று முயல்கள் ஒப்புக்கொண்டன. நரி உடனே ஓட்டெடுப்பு நடத்தியது. துடைப்பதைவிட முதலை வாய்க்குப் போவதே மேல் என்று முடிவானது. ஓட்டுப் போட்டுவிட்டு முயல்கள் மறுபடி அழுதன.

சிங்காரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் பயணிகளிடம் கோபப்பட்டால் தொழில் நடக்காது. அது குரலைத் தணித்துக்கொண்டு கேட்டது: "அக்கா, சாமிக்குப் புதுச் சந்தனம் சாத்தறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவோம்?"

"அபிஷேகம் பண்ணுவோம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அபிஷேகம் என்றதும் எல்லாம் தலையாட்டின. பொன்னுருவியின் கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. முயல்கள் குடிநீர்க் குடத்தை நீட்டின. "பேட்டரி வயரக் கழட்டிட்டு ஊத்துடா!" என்று முதலை கத்தியது. சிங்காரம் கழற்றியது, வயர்முனைகளில் எலுமிச்சையைத் தேய்த்தது, நல்ல தண்ணீர் ஊற்றியது, தோளில் கிடந்த துண்டால் ஈரம் போகத் துடைத்தது. செம்பு பளபளத்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தியது.

இஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பியது. படகே ஆர்ப்பரித்தது. "சபாஷ்!" என்று முதலையும் கூவியது. தன் சாப்பாடு கிளம்பிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சிங்காரம் முன்பக்கம் நின்று மூச்சுப்பிடித்துக் கோல் ஊன்றியது. திட்டைத் தாண்டி ஆழத்துக்கு வந்ததும், இஞ்சினை இறக்கப் பொத்தானைக் கீழ்ப்பக்கம் அழுத்தியது.

'டிக்.'

சிங்காரம் திரும்பிப் பார்த்தது. அது கோல் ஊன்றிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னுருவி நன்றிக்கடனாக ஒவ்வொரு வயரையும் பிடுங்கி, முனையில் கெட்டிச் சந்தனம் அப்பி, திரும்பச் செருகியிருந்தது. இஞ்சின் வானத்தைப் பார்த்து நின்றது. ஆழத்தில் கோல் எட்டவில்லை. வடியும் தண்ணீர் படகை இழுத்துப்போய் அதே திட்டில் சேர்த்தது.

"நல்லா இருந்த இஞ்சின்," என்று நரி விசாரணையைத் தொடங்கியது. "சந்தனம் இருந்தவரைக்கும் கீழ இருந்துச்சு. தொடைச்சப்புறம் மேலயே நின்னுபோச்சு. தொடைச்சது யாரு?"

எல்லாக் கண்களும் சிங்காரத்தின் துண்டைப் பார்த்தன. அது மஞ்சள் மஞ்சளாக இருந்தது.

"அபிஷேகம்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?" என்றது சிங்காரம்.

"அபிஷேகம் சரி," என்றது பொன்னுருவி. "துண்டால தொடைக்கச் சொன்னது யாரு?"

சிங்காரத்தைத் தூக்கித் திட்டில் இறக்கிவிட்டார்கள். சங்கிலி வாயைப் பிளந்துகொண்டு வந்தது. எதையும் முறைப்படி செய்யவேண்டும் என்று நினைக்கும் பொன்னுருவி, சந்தனக் கிண்ணத்தோடு பின்னாலேயே இறங்கியது. "கொஞ்சம் இருங்கண்ணே, உங்க பல்லுக்கும் ஒரு பொட்டு வெச்சிடறேன். தாடைக்கு உள்பக்கமும் காட்டுங்க."

சங்கிலி கிண்ணத்தைப் பார்த்தது. அந்தரத்தில் நின்ற இஞ்சினைப் பார்த்தது. வாயைப் படக்கென்று மூடிக்கொண்டு, "வாணாம் தாயி, எனக்கு ஒரு கொறையும் இல்ல," என்று பல்லிடுக்கில் முனகியபடி பின்னுக்கே நகர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

சந்தனத்தின் மகிமையில் எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. தண்ணீர் மறுபடி ஏறியதும் நரியைப் படகோட்டியாக நியமித்து, சந்தைக்கூடைகளின் மூடிகளைத் துடுப்பாக்கி, பாட்டுப் பாடிக்கொண்டு புறப்பட்டார்கள். வெறும் திட்டில் நின்ற சிங்காரம், சந்தனம் பூசி அந்தரத்தில் தூக்கி நின்ற தன் இஞ்சின் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அழுகை வந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் சந்தனமாயிற்று.

நீதி: பழுதைச் சரிசெய்தவுடன் துண்டைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.