தலையெழுத்து போன ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை ஒழித்துக்கட்டுவது என்று புதன்கிழமை சாயங்காலம் பவன் முடிவெடுத்தான். உடைக்கக் கூடாது, தெரிந்துவிடும். தொலைக்கக் கூடாது, பெண்டாட்டி தேடச் சொல்வாள். பார்த்தால் இருக்க வேண்டும், திறந்தால் இருக்கக் கூடாது. அப்படி ஒரு சாவு அதற்கு வர வேண்டும்.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை.

மூன்று வருஷத்துக்கு முன், பீளமேட்டு மண்டபம் ஒன்றில் அவனுக்கும் தேஜஸ்ரீக்கும் நிச்சயதார்த்தம். வீடியோக்காரர் மைக்கை நீட்டி, "மாப்பிள்ளை, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். பவன் அதுவரை மைக்கைத் தொட்டவனில்லை. தொட்டதும் உடம்பில் என்னமோ ஏறிவிட்டது. "பொண்ணு வேலைக்குப் போகட்டுங்க! ராத்திரிச் சமையலை நான் பாத்துக்கறேனுங்க!" என்றான். அவர் கேட்டது இரண்டு வார்த்தை. இவன் கொடுத்தது வாக்கு. மண்டபமே கை தட்டியது. மாமியார் வெங்கடலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததோடு அந்தப் பேச்சும் ஓய்ந்தது என்று பவன் நினைத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அவன் சமையலறைக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். ஃபில்டரை ஹாலுக்கு மாற்றிய பிறகு அதுவும் நின்றது.

இப்போது தேஜஸ்ரீக்கு வேலை கிடைத்துவிட்டது. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி. மதியம் போனால் ராத்திரி ஒன்பதுக்கு முடியும். துடியலூர் வீடு வந்து சேரப் பத்தாகும்.

"அப்ப ராத்திரிக்குச் சோறு?" என்றான் பவன்.

பெண்டாட்டிக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு, பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் ஒரு பட்டதாரி கேட்ட முதல் கேள்வி அது. கடைசிக் கேள்வியும் அதுதான்.

அவர்கள் வீட்டில் தெலுங்கு பாதி, கோயமுத்தூர்த் தமிழ் பாதி. அன்பாக இருந்தால் தேஜஸ்ரீ தெலுங்கில் "ஏமண்டி" என்று கூப்பிடுவாள். சண்டை என்றால் தமிழுக்கு மாறிவிடுவாள், தமிழில்தான் 'ங்க' கிடைக்கும் என்பதால். கோபம் ஏற ஏற 'ங்க' பெருகும். வெளியாள் கேட்டால் எவ்வளவு மரியாதையான பெண் என்பார்கள். பவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பப் பார்ப்பான்.

"ஏனுங்க, நிச்சயத்துல மைக்ல நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?"

"நான் என்ன சொன்னேன்?"

"ராத்திரிச் சமையலை நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்கல்லங்க."

"சொல்லவே இல்ல. சொல்லியிருந்தாலும், பாத்துக்கறேன்னா பாக்கறதுதான? மூணு வருஷமா நீ சமைக்கறதை நான் டெய்லி பாத்துட்டுத்தான இருக்கறேன்?"

"சரிங்க. கம்பெனிக்குத் திங்கக்கெழமை பதில் சொல்லணுங்க. ஞாயித்துக்கெழமை அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. ஹார்ட் டிஸ்க்ல நிச்சய வீடியோ இருக்குது. எல்லாரும் உக்காந்து பாத்துரலாங்க. நீங்க சொல்லலைன்னா நான் வேலைக்குப் போகலைங்க. சொல்லியிருந்தீங்கன்னா?"

"சொல்லியிருந்தா நானே செஞ்சுபோடறேன்."

"என்னத்தைங்க?"

"சோறுதான்!"

ஆத்திரத்தில் வாய் மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது. சொன்னது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எந்தச் சொல்லுக்குக் கை தட்டினார்கள் என்பது உட்பட.

தேஜஸ்ரீ காய் வாங்கப் போனாள். பவன் கதவைத் தாழிட்டுவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைக் கொடுத்து வைத்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் யூடியூபில் கற்றிருந்தான். இவர்களுடையதற்கு எஃப். அந்த எழுத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும். டிஸ்க் சுற்றும், விளக்கு மினுக்கும், உள்ளே இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் திறக்க வழி இருக்காது. ரேஷன் கார்டில் பேர் அடிபட்ட ஆள் மாதிரி, உயிரோடு நின்றாலும் கணக்கில் கிடையாது.

'சில புரோகிராம்கள் ஓடாமல் போகலாம், பரவாயில்லையா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த வீட்டில் அவனிடம் யாரும் இவ்வளவு பணிவாக அனுமதி கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய்ப் பரவாயில்லை என்று அழுத்தினான்.

மறுநாள் காலையில் குரல் வந்தது. "ஏனுங்க, டிஸ்க்கைத் தொறக்கவே முடியலைங்க."

'ஏமண்டி' இல்லை, 'ஏனுங்க'. பவன் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவனோ பெரிய டாக்டர் கணக்காக ஓடி வந்தான். ஒயரை மாற்றினான். வேறு ஓட்டையில் சொருகினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். டிஸ்க்கைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"உள்ள ஊசி தேஞ்சிருக்கு."

"ஊசிங்களா?"

"ஆமா. உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரிங்க. பக்கத்து ஊட்டு ஃபஹீமா அக்கா லேப்டாப்ல ஒருக்கா போட்டுப் பாக்கலாங்களா?"

பவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்து போனது இந்த லேப்டாப்பில் மட்டும்தான். வேறு எதில் சொருகினாலும் டிஸ்க் பளிச்சென்று திறந்துகொள்ளும்.

"ஐயையோ! வேற கம்ப்யூட்டர்ல போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சுபோயிரும். இனி இதை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீ. வளையல்ல ஸ்டேட்டிக் கரண்ட் இருக்கும்."

"வளையல்லயா?"

"தங்கத்துல ஜாஸ்தி."

தேஜஸ்ரீ தன் வளையல்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று பவன் நினைத்தான்.

"போன் தண்ணில உழுந்தா அரிசிக்குள்ள போட்டு வெப்பாங்களேங்க. இதையும் போட்டுப் பாக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் டிஸ்க் அரிசிக்குள் தூங்கட்டும், அதைவிட நல்ல இடம் ஏது என்று பவன் மகிழ்ந்தான். "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்று கவரில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தான்.

சாயங்காலம் அவன் டிவி முன்னால் கால் நீட்டிய நேரம், சமையலறையிலிருந்து குரல்.

"ஏனுங்க, சோத்துக்கு அரிசி எடுக்கணுங்க."

"எடு."

"நான் எப்படிங்க எடுக்கறது? உள்ள டிஸ்க் இருக்குது. கையில வளையல் இருக்குது."

பவன் எழுந்து போனான்.

"ரெண்டு டம்ளருங்க. தலை தட்டி எடுங்க. இப்பக் கழுவுங்க."

"கழுவறதும் நானா?"

"அந்த ஸ்டேட்டிக் அரிசிலயும் ஒட்டியிருக்குமில்லீங்க? உங்களுக்குத்தான் தெரியும். நான் என்ன கண்டேன்?"

கழுவினான். தண்ணீர் வைத்தான். அடுப்பில் ஏற்றினான். சோறு என்று ஆரம்பித்தது கஞ்சியாக முடிந்தது. "பரவாயில்லீங்க, உப்புப் போட்டுக் குடிச்சுக்கலாம்" என்று தேஜஸ்ரீ இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு இன்னொரு யோசனை. சூடேறிப் போன டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சிலசமயம் உயிர் வரும் என்று போனில் படித்தாளாம். வைத்தியத்தை நடுவில் நிறுத்தினால் டாக்டர் மேல் சந்தேகம் வருமே! பவன் ஒத்துக்கொண்டான். ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் ஊட்டியை விட அதிகமாக இருந்தது. சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கீழ்த்தட்டிலிருந்த சாமானெல்லாம் வெளியே வந்தது. மாவுப் பாத்திரமும் வந்தது.

"மாவு வெளில இருந்தாப் புளிச்சுருங்க. சுட்டுருங்க."

"ஐஸ் எடுத்ததுக்கும் தோசை சுடறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பிரிட்ஜ்ல இருந்து வந்த மாவுங்க. பிரிட்ஜுக்குள்ள டிஸ்க் இருக்குதுங்க. நான் தொடலாங்களா? தொடலாம்னா சொல்லுங்க, நானே டிஸ்க்கையும் ஒருக்கா எடுத்துப் பாத்துபோடறேன்."

பவன் கரண்டியை எடுத்தான். முதல் தோசை கோயமுத்தூர் மாவட்ட மேப் மாதிரி வந்தது. இரண்டாவதில் மதுக்கரை மட்டும் கருகியிருந்தது. மூன்றாவது வட்டமாக வந்துவிட்டது. அதைத் தட்டில் போடுமுன், யாரும் பார்க்காதபோது, செல்லில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை, குளிரில் கிடந்த டிஸ்க்குக்கு இளஞ்சூடு வேண்டும் என்றாள். அடுப்புக்கு ஓரடி தள்ளி வைத்து, உருகிவிடாமல் பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டுமாம்.

"நிக்கறது நிக்கறீங்க, அந்தக் கொழம்பைக் கொஞ்சம் கிண்டி உடுங்க. அப்படியே அந்த வெங்காயத்தையும் அரிஞ்சுபோடுங்க."

கண்ணீரோடு அரிந்தான். இன்னும் ஒரு நாள்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அதன் பிறகு ஆயுசுக்கும் சோபா, டிவி, தட்டில் சோறு.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் சீனிவாசலு முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில் சத்தத்தில் இருந்தவர். அவரிடம் எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னால்தான் கேட்கும்.

"டிஸ்க் போயிருச்சாமே மாப்ள?"

பவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "எல்லா வைத்தியமும் பண்ணிட்டேனுங்க மாமா! பொழைக்கலைங்க!"

"நீங்க மைக்ல சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க மாப்ள" என்றாள் வெங்கடலட்சுமி.

"நாதஸ்வரச் சத்தத்துல உங்களுக்குத் தப்பாக் கேட்டிருக்கும், அத்தை. வீடியோ இருந்திருந்தா நானே போட்டுக் காட்டியிருப்பேன். என்ன பண்றது, கொடுத்து வெக்கலை."

தேஜஸ்ரீ லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டீப்பாயில் வைத்தாள்.

"கடைசியா நான் ஒருக்கா பாக்கட்டுங்களா? இப்ப ஸ்டேட்டிக் இல்லைங்க."

மாமியார் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் டிஸ்க்கைச் சொருகினாள். நாலே நாலு கிளிக். புதன்கிழமை பவன் பார்த்த அதே பக்கம் வந்து நின்றது. அவனுக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று யூடியூப் வீடியோ தேவைப்பட்டது.

"இது... உனக்கு எப்படித் தெரியும்?"

"சரவணம்பட்டில எனக்குக் கெடச்ச வேலையே இதுதானுங்க. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு வெளிநாட்டுக்காரங்க போன் பண்ணுவாங்க. எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லணும். என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

"டிஸ்க்குக்கு என்னம்மா கோளாறு?" என்றார் சீனிவாசலு.

"ஒண்ணும் இல்லப்பா! யாரோ அதோட தலையெழுத்தை அழிச்சுப்போட்டாங்க!"

"தலையெழுத்தையா? அதை யாராலம்மா அழிக்க முடியும்?"

"இந்தக் காலத்துல அதெல்லாம் சுலபம்ப்பா! ஆள் இல்லாத நேரம் பாத்துக் கதவைத் தாழ்ப்பாப் போட்டுட்டு உக்காந்தா முடிஞ்சுது!" யாரையும் பார்க்காமல் சொன்னாள். "புதுசா ஒரு எழுத்துப் போடணும். 'பி' போட்டுக்கறேனுங்க. பவனுக்கும் அதுதான், பொய்க்கும் அதுதான்."

டிஸ்க் திறந்துகொண்டது. 'நிச்சயதார்த்தம்' என்ற பெயர் மேல் அம்புக்குறி போய் நின்றது. மாமனார் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

பவன் மின்னல் வேகத்தில் யோசித்தான். வீடியோ ஓடினால் மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் பொய்யன். ஓடுவதற்கு முன் தானே சொல்லிவிட்டால்? மறந்திருந்து ஞாபகம் வந்த பெருந்தன்மையான மாப்பிள்ளை. சோறு எப்படியும் தன் தலையில்தான். மானமாவது மிஞ்சட்டும்.

"நிறுத்துங்க! போட வேண்டாங்க!" என்று எழுந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்டாட்டியிடம் 'ங்க' வந்தது. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்கன்னு முழுசாச் சொல்லுங்க. அப்பாவுக்குக் கேக்கணுமில்லீங்க?"

பவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். மைக் இல்லாமலே என்னமோ உடம்பில் ஏறியது.

"தேஜு வேலைக்குப் போகட்டுங்க மாமா! ராத்திரிச் சமையலை நான் பாத்துக்கறேனுங்க! பாத்துக்கறதுன்னா வெறுமே பாக்கறது இல்லைங்க, நானே செய்யறது! பாத்திரமும் நானே கழுவறேனுங்க!"

மாமியார் கை தட்டினாள். மாமனாருக்கும் கேட்டுவிட்டது, அவரும் தட்டினார்.

தேஜஸ்ரீ அப்போதுதான் வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் பவன் மைக்கோடு நின்றான். புல்லாங்குழல் கேட்டது. தபலா கேட்டது. ஒரு பெண் குரல் லலலா என்று இழுத்தது. ரோஜா இதழ்கள் மேலிருந்து கொட்டின. ஒரு பெரிய சிவப்பு இதயம் சுழன்று வந்து அவன் தலையைச் சுற்றியது. நடுவில் அவன் வாய் மட்டும் தொட்டி மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது. ஒரு சொல் கேட்கவில்லை.

"சவுண்டு எங்க?" என்றான் பவன். அவன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை.

"இதுல எப்பவுமே வெறும் மியூசிக்தானுங்க. வீடியோக்காரர் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இதைப் போட்டு மூடிட்டாருங்க. நீங்கதான் ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்லையே."

பிறகு பூ ஜாடியில் சாய்த்து வைத்திருந்த செல்லை எடுத்தாள். சிவப்புப் புள்ளியை அணைத்தாள். ஒருமுறை ஓடவிட்டுக் காதில் வைத்துக் கேட்டாள். மூன்று வருஷத்தில் இல்லாத அன்போடு அவனைப் பார்த்தாள்.

"ஏமண்டி, இதுல சவுண்டு ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க."