கறுப்பை முகர்ந்து பார்ப்பவர்

இயற்கைப் பிரியர் என்றொரு இனம் உண்டு. கொடைக்கானல் மலையில் பூண்டைவிட அமோகமாக விளைவது இதுதான். எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார், கண்ணை மூடுவார், "கெமிக்கல்" என்பார். நைலான் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டு மாட்டி, ஆரஞ்சுச் சாயம் ஏற்றிய மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடியே, செயற்கையால் மனித குலம் அழிவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். குறுக்கே பேசித்தான் பாருங்களேன்!

அந்த மலையூரான வில்பட்டியின் திருமலைச்சாமி இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய தம்பி மகள் புவனா, மெலனின் என்னும் கருநிறமியைக் கல்லூரியில் ஆராய்கிறாள். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதுதான். எள்ளுத் தோலில் எடுத்தது, பூண்டில் படரும் கறுப்புப் பூஞ்சையில் எடுத்தது, குடுவையில் அவளே செய்தது, மூன்றையும் ஒப்பிட வேண்டும். பூஞ்சைப் பொடி ஒரு சிட்டிகைதான் மிச்சம். பெரியப்பா வீட்டுப் பரணிலோ ஒரு மூட்டைப் பூண்டு அதே பூஞ்சை படர்ந்து கறுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது கிடைக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கும்.

"செயற்கையோட சரிக்குச் சமமா வச்சுப் பாக்க எம் பூண்டைத் தரமாட்டேன், ஆத்தா."

"அழுகுனதுதானங்க, பெரியப்பா?"

"அழுகுனாலும் இயற்கையா அழுகுனது!"

"வீடே நாறிக் கெடக்கு, வெரசா தூக்கிக் குடுங்க" என்றார் சமையலறையிலிருந்து அவர் மனைவி அழகம்மாள்.

புவனா மூன்று சீசாக்களை வரிசையாக வைத்தாள். "இதுல செயற்கை எதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் மூட்டையைக் கேக்கலைங்க."

விடுவாரா? முகர்ந்தார். விரலில் தேய்த்தார். நாக்கு வரை கொண்டுபோன கையை அவள் பிடித்துத் தடுத்தாள். கடைசியில் இரண்டு சீசாக்களை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆகா, மண்வாசம்! நம்ம மலை வாசம்! இதுதான் இயற்கை. மத்த ரெண்டும் கெமிக்கல்."

"அதுதாங்க பெரியப்பா, நான் குடுவையில செஞ்சது."

வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. சீசாவை இன்னொரு முறை முகர்ந்தார்.

"அதான பாத்தேன். நம்ம வீட்டுப் பிள்ளை கை பட்டா எல்லாம் இயற்கைதான்!"

சொல்லிவிட்டுப் பரணில் ஏறி மூட்டையை இறக்கிக் கொடுத்தார். புவனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் கடையில், பச்சை இலைப் படம் போட்ட தலைச்சாய டப்பாவை எடுத்து, பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படிக்காமல், மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டியது யார்? திருமலைச்சாமி அன்றைக்கு வில்பட்டியை விட்டு இறங்கவே இல்லையாம்.