ஏழு ஏக்கர் கவுன்சலிங்

படிவம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் என் கையை நம்ப முடியாது. ஆளைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு நாக்கு குழறும், காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கோடு போட்ட ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துப் பாருங்கள், என் தகுதிகள் எல்லாம் தானாக வளர ஆரம்பிக்கும். ஒரு ரத்ததான முகாமில் என் எடை எழுபது கிலோ என்று எழுதினேன். ரத்தம் எடுத்ததும் மயங்கி விழுந்தேன். தூக்கிக்கொண்டு போன இரண்டு பேரும், இந்த ஆள் ஐம்பதைத் தாண்டமாட்டான் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

இதனால் பெரிய சேதம் எதுவும் வந்ததில்லை, ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவை சேதம் எனக்கு வரவில்லை, என் மனைவி ஈஸ்வரிக்கு வந்தது. இதை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்வது.

எனக்கு ஊர் பூண்டி. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலைச்சரிவில் சொந்தமாக இரண்டரை ஏக்கர், குத்தகைக்கு எடுத்தது நாலரை ஏக்கர், வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுகிறேன். ஈஸ்வரியைப் பெண் பார்க்கப் பாலசமுத்திரத்துக்கு இறங்கிப் போன அன்று, அவளுடைய அண்ணன் நிலம் எவ்வளவு என்று கேட்டார். என் பெரியப்பா கண்ணிமைக்காமல் ஏழு ஏக்கர் என்றார். (எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் குத்தகையைச் சேர்த்துச் சொல்வது பொய்க் கணக்கில் வராது.) நாங்கள் போன ஜீப் பக்கத்துத் தோட்டக்காரருடையது. அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஈஸ்வரிக்கு ஆறு மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை போய்விட்டது. உடம்பு ஒரு மாதத்தில் தேறிவிட்டது. ஆனால் அவள் பேச்சு திரும்பவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து உட்கார்ந்திருப்பாள். பூண்டு வயல் வரப்பில் போய் உட்கார்ந்தால், மூடுபனி இறங்கி ஆளே தெரியாமல் போன பிறகும் எழுந்து வரமாட்டாள். நான் போய்த்தான் கூட்டிவர வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டினோம், கோயிலுக்குப் போனோம். கடைசியில் ஊருக்கு வரும் நர்ஸம்மாதான் இதற்குப் பேசுகிற வைத்தியம் இருக்கிறது என்று சொன்னார். வாரத்தில் ஒருநாள் அரசு ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருகிறார், காசு பணம் கிடையாது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

அங்கே நான் போகவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார்கள். வரிசையில் நிற்கும்போது எவனாவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் ஆலோசனை மையம் ஒன்று இருப்பதாக விசாரித்தேன். திங்கட்கிழமை காலை வெள்ளனே பஸ் ஏறினோம். தங்கச்சியைப் பார்க்க வந்திருந்த மச்சானும் கூடவே வந்தார். சித்திரை மாத வெயிலில் அவர் குரங்குக் குல்லாயும் மப்ளரும் போட்டுக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தார். மலைக்கு வந்தால் அவருக்கு அதுதான் உடுப்பு.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, நிதானமாக விளக்கினாள். இங்கே வருமானத்துக்குத் தகுந்த மாதிரிதான் கட்டணம். அதிகம் இருந்தால் அதிகம், குறைவாக இருந்தால் குறைவு, முடியவே முடியாது என்றால் ஒன்றும் தர வேண்டாம். இருக்கிறதை அப்படியே எழுதினால் போதும், யாரும் வந்து சோதிக்கமாட்டார்கள் என்றாள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த அட்டை வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுப்பது என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. குல்லாய்க்குள்ளிருந்து மச்சானின் இரண்டு கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் லேசாக எட்டிப்பார்த்த அட்டையை ஆழமாக உள்ளே அமுக்கினேன். (அது ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும், வந்து போகிற வைத்தியத்துக்குச் செல்லாது என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் அமுக்கியதுகூட வீண்.)

"குறைஞ்ச கட்டணம் வேணும்னா இந்தக் கட்டத்துல ஒரு டிக் அடிங்க சார்."

"எங்க மாப்பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கும்மா? அவருக்கென்ன குறை, ஏழு ஏக்கர் பூண்டு போடுறவரு" என்றார் மச்சான்.

அதோடு என் கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சொந்த நிலம், ஏழு ஏக்கர். வாகனம், ஜீப். வருட வருமானம் என்ற இடத்தில் நான் எழுதிய தொகையை எங்கள் ஊரில் யாரும் சேர்ந்தாற்போல் பார்த்ததே கிடையாது. கடைசியில் இன்னொரு கட்டம் இருந்தது: 'கட்டணம் செலுத்த இயலாத ஒருவருக்கு உதவ விரும்புகிறீர்களா?' அதிலும் டிக் அடித்தேன். அழுத்தி அடித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்தது. அருகில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முழுக் கட்டணம் என்பது என் தோட்டத்தில் கேரட் பிடுங்க வரும் ஆளுக்கு இரண்டு நாள் கூலி. என் பெருந்தன்மைக்கு இன்னொரு நாள் கூலி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கட்ட வேண்டும்.

ஆலோசனை சொல்கிற மேடம் ஈஸ்வரியை மட்டும் உள்ளே அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும், என்ன மருந்து எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மருந்து எதுவும் இல்லை, பேசிக்கொண்டிருந்தோம் என்றார். பேசியதற்கா மூன்று நாள் கூலி? எங்கள் ஊர் டீக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மாவே பேசுவார்களே என்று மனசுக்குள் ஓடியது. ஆனால் அன்று பஸ்ஸில் பூம்பாறை தாண்டும்போது ஈஸ்வரி, பசிக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

இரண்டாவது வாரம், உலை கொதித்ததும் அரிசி விழுந்தது. மூன்றாவது வாரம் வரப்பிலிருந்து அவளே எழுந்து வந்தாள். அந்த வாரக் கட்டணத்துக்குத்தான் அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டில் பாதியை விற்றேன். அடுத்த போகத்துக்கு நடுவதற்கு வைத்திருந்தது. "என்னங்க, அடுப்புக்கு மேல வெறிச்சுன்னு கெடக்கு?" என்று ஈஸ்வரி கேட்டாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எலி என்றேன்.

நாலாவது வாரத்துக்கு மீதி விதையையும் விற்றால் நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது, வேறு விற்கவும் ஒன்றும் இல்லை. மையத்துக்குப் போய், அம்மா, நான் எழுதியது பொய், எனக்கு இரண்டரை ஏக்கர்தான் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்தப் பெண் வேறொரு தாளை எடுத்துக் கொடுத்திருப்பாள், அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயலாதவர்களுக்கு உதவ டிக் அடித்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை மையத்துக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை மறுபடி செய்தேன். ஈஸ்வரிக்கு நன்றாகிவிட்டது, இனிமேல் வரத் தேவையில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் சந்தோஷப்பட்டு வாழ்த்துகூடச் சொன்னாள். ஈஸ்வரி அதற்குள் தலைசீவிப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். போனைப் பார்த்தபடியே, மேடம் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார்கள் என்றேன். சரிங்க என்று உள்ளே போய்ப் புடவையை மாற்றினாள்.

அப்படி நாலு மாதம் போயிற்று. முதல் மாதம், மேடம் வந்துவிட்டார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அரிசி மறுபடி மறந்துபோனது. வரப்பிலிருந்து நான் மறுபடி கூட்டிவர ஆரம்பித்தேன். இதையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரத்துக்கு வாரம் மச்சான் போனில் விசாரிப்பார். முன்னேற்றம்தான் மச்சான் என்பேன். அவரிடம் சொல்லும்போது காது சிவக்கும், நல்லவேளையாகப் போனில் தெரியாது.

மாட்டிக்கொண்டது கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். சாக்கு விரித்துப் பூண்டைக் குவித்து வைத்திருந்தேன், ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு டூரிஸ்ட் அம்மாவுக்கு நான் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாக்கில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் நகரப் போனார். (நாலு பேர் நடுவில் அவர்களாக வந்து பேசமாட்டார்களாம், நம்முடைய மரியாதைக்காக. அது எனக்கு அப்போது தெரியாது.) ஈஸ்வரிதான் எழுந்து போனாள்.

"ஊர்ல இருந்து எப்ப வந்தீங்க மேடம்?"

"நான் எங்கயும் போகலையே, ஈஸ்வரி. உங்களுக்கு நல்லாயிருச்சுன்னு போன் வந்துச்சே."

மேடம் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நாளைக்கு இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த டூரிஸ்ட் அம்மாவின் பையில் பூண்டை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்த அவர், மூன்று கிலோவுக்குக் குறையாமல் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்ஸில் பூம்பாறை தாண்டும்போது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எனக்கு நல்லாயிருச்சுன்னு சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். படிவம், ஏழு ஏக்கர், விதைப்பூண்டு, போன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உன் அண்ணன் முன்னால் எப்படி இரண்டரை என்று எழுதுவது என்றேன்.

"அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியே சிட்டா எடுத்துப் பாத்துட்டாங்க. ரெண்டரைன்னு தெரிஞ்சுதான் குடுத்தாங்க. அன்னைக்கு மையத்துல அந்தப் பொண்ணுகிட்ட ஏழுன்னு சொன்னது, மாப்பிள்ளை கூச்சப்படுவாரேன்னுதான்."

நான் அவருக்காக எழுதினேன், அவர் எனக்காகச் சொன்னார். இரண்டு ஆண்கள் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. அடுத்த வாரம் சொல்றேன்னு மேடங்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். அந்த வாரந்தான் நீங்க போன் பண்ணிட்டீங்க."

காலிச் சாக்கை மடியில் வைத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

மறுநாள் காலை அவளே முன்னால் பஸ் ஏறினாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வரவேற்புப் பெண்ணிடம் புதுப் படிவம் கேட்டு வாங்கி, என் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து எழுதினாள். சொந்த நிலம் இரண்டரை. மாடு ஒன்று. ஜீப் இல்லை. பெண் படித்துப் பார்த்துவிட்டு, பஸ் டிக்கெட் விலை அளவுக்கு ஒரு தொகை சொன்னாள். மீதிக்கு உதவி நிதி இருக்கிறது, டிக் அடித்தவர்கள் கொடுத்தது என்றாள். அந்த நிதியில் என்னுடைய மூன்று வாரப் பெருந்தன்மையும் இருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய பொய்களில் வீட்டுக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அவள் தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் நாலு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் சீக்கிரம் தேறியிருப்பாள் என்று மேடம் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் கைக்குப் பேனா கிடையாது. ரேஷன் கார்டு, பயிர்க்கடன், எதுவானாலும் ஈஸ்வரி எழுதுவாள், நான் கையெழுத்து மட்டும் போடுவேன். மையத்தின் பட்டியலில் மட்டும் இன்னும் நான் கொடைவள்ளல். அந்த டிக்கை யாரும் அழிக்கவில்லை போலிருக்கிறது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால், 'தங்கள் பரந்த உள்ளத்துக்கு நன்றி' என்று கடிதம் வரும். ஈஸ்வரி அதை மச்சானுக்குப் போனில் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். அவர் அந்தப் பக்கம் மூச்சுவாங்கச் சிரித்துவிட்டு, "மாப்ள, இந்த வருசம் எத்தன ஏக்கரு?" என்று கேட்பார். எட்டு மச்சான் என்பேன். எல்லோரும் சிரிப்போம்.

அந்தப் பேரை அவள் மேடத்திடம் சொல்லியிருப்பாள். என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.