ரம்ஷாவுக்கு ஒரு மாதம் போதாது பெரியப்பா

மரியாதைக்குரிய அங்கப்பன் பெரியப்பாவுக்கு, லோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. காலையில் நீங்கள் தும்மியது சுவருக்கு இந்தப் பக்கம் துணி அறையில் கேட்டது. பக்கத்து அறைக்குக் கடிதமா என்று நினைக்காதீர்கள். உங்கள் வாசல் வரை வந்து, கதவைத் தட்டப் பயந்து, பல தடவை திரும்பிவிட்டேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடுவேன்.

விஷயம் ரம்ஷாவைப் பற்றியது. நம் பெண்கள் கால்பந்து அணியில் இப்போது கோல் போடுகிற ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமையோடு அவளுடைய ஒரு மாத ஒப்பந்தம் முடிகிறது. நீங்கள் மேலாளராக வந்ததிலிருந்து யாருக்கும் அதற்கு மேல் எழுதுவதில்லை. "அடிபட்டுப் போட்டா என்ன பண்றது, கல்யாணம் ஆகிப் போட்டா என்ன பண்றதுங்க" என்று நீங்கள் போனில் சொல்வது எனக்கு மனப்பாடம். சோமனூரில் தறி ஓட்டியபோது இந்த ஜாக்கிரதை உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் தறிகள் ஒன்றுக்கொன்று பந்து போட்டுக்கொள்வதில்லையே. போன மாதம் கோல் மேல் கோல் போட்ட இன்னொரு பெண்ணை, சம்பளம் கூடக் கேட்பாள் என்று பயந்து, அவள் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டீர்கள். அவள் எதிரணியில் சேர்ந்து நமக்கே இரண்டு கோல் போட்டாள். சட்டையில் பெயர் அச்சடித்தால் ஆள் போனதும் சட்டை வீண் என்று, டேப்பில் எழுதி ஒட்டச் சொன்னீர்கள். ஒட்டினேன். போன ஆட்டத்தில் மழை பிடித்து எல்லாப் பெயர்களும் சேற்றில் கிடந்தன. கோல்கீப்பர் மேக்னா புதிது, யார் பெயரும் தெரியாது. பந்து வருவதைப் பார்த்து, "ஏனுங்க! பின்னாடி பாருங்க!" என்று மரியாதையாகக் கத்தினாள். பத்துப் பேரும் நின்று அவளைத் திரும்பிப் பார்த்து, "என்னைங்களா?" என்றார்கள். பந்து யாரையும் விசாரிக்காமல் உள்ளே போய்விட்டது. இப்போது நாம் கடைசி இடம். "இதுக்குக் கீழ எடமே இல்லீங்க, இனிப் பயமில்ல" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் பெரியப்பா. ஒன்பதாவதோடு நின்ற என்னை, பேசாத பிள்ளைக்குத் துணி துவைக்கிற வேலை பொருந்தும் என்று சேர்த்துவிட்டீர்கள். நன்றி. ஆனால் எனக்கு ஒருத்தியோடு பேச்சு வர ஒரு மாதம் பிடிக்கிறது. முதலில் முகம் பார்க்க மாட்டேன், பிறகு சிரிப்பேன், அதன் பிறகுதான் சாப்பிட்டாச்சா என்பேன். அதற்குள் அவள் பெயரைச் சட்டையிலிருந்து உரிக்கிற நாள் வந்துவிடும். மதியம் சாப்பாட்டுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, சலவை மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது சுற்றும்போது யாரோ பேசுவது போல இருக்கும். ரம்ஷாதான் ஒரு நாள் உள்ளே வந்து, "ஏன் அம்மணி, மெஷினுக்கு ஊட்டி விடறியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். ஆனாலும் தினமும் வந்தாள். நேற்றுத்தான் வாய் திறந்து, "கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்றேன். "அட, நீ பேசற புள்ளையா!" என்று அவள் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். தயவுசெய்து அவளுக்கு மட்டும் இரண்டு வருடம் எழுதுங்கள். அணியும் ஜெயிக்கும், எனக்கும் ஒரு ஆள் இருக்கும்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். ஆனைமலை மாசாணியம்மன் உங்களுக்கு உடல்நலத்தையும் கொஞ்சம் துணிச்சலையும் தரட்டும்.

இப்படிக்கு,
லோகப்பிரியா,
துணி அறை.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ரம்ஷா வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. கோழிக்கோட்டு அணி ஒன்று அவளை மூன்று வருடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறதாம். "எங்க அத்தாவுக்கு நான் ஊர விட்டுப் போறதே புடிக்கல. இங்க ரெண்டு வருஷம் குடுத்தா, எதுக்கு வெளியூருன்னு கையெழுத்துப் போட வெச்சிருவாரு. அங்க போனா வருஷம் பூரா ஒரே ஆளுகளோட ஆடலாம் புள்ள" என்றாள். ஆகவே மேலே கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் மறுபடி இவ்வளவு பேச என்னால் ஆகாது. அவள் அப்பா போன் செய்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, யோசித்துக்கொண்டே இருங்கள். திங்கட்கிழமை அவளை ரயில் ஏற்றிவிட எனக்கு அரைநாள் லீவு வேண்டும். அதை மட்டும் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.