முப்பத்தைந்து கோடுகள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் ஃபோன் வந்திருக்கும். நிற்க.

எனக்காகப் பின்னறையைக் காலி செய்ய வேண்டாம். போன மாதம், "உங்க அண்ணி போனதுக்கப்புறம் இந்தக் கட்டிடத்துல என்னை ஏன்னு கேக்க நாதி இல்லம்மா, அங்கயே வந்துடறேன்" என்று உன்னிடம் அழுதேன் அல்லவா? அத்தனையும் தப்பு. விஞ்ஞானபூர்வமாகத் தப்பு!

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்திருந்தாள். முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் சும்மா விடுவேனா? அடையாள அட்டையை முன்னும் பின்னும் புரட்டி, படத்தில் மூக்கு வேறு மாதிரி இருக்கிறதே என்று விசாரித்து, அப்புறம்தான் உட்காரச் சொன்னேன். ஒரு கட்டிடத்தில் யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், யார் விடுபட்டுப் போகிறார்கள், அதனால் எல்லாருடைய உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாம். மனுஷனுடைய நிம்மதியை ஒன்றிலிருந்து பத்துக்குள் அளந்துவிடுகிறார்கள், தங்கச்சி! நான் ஆறரை என்றேன். "அரை கிடையாது சார்" என்றாள். எவ்வளவு கறாரான படிப்பு பார்! ஆறு என்றே போடச் சொன்னேன்.

இடம் தெரியாத பெண்ணாயிற்றே என்று மற்ற முப்பத்தைந்து வீட்டுக்கும் கூடவே கிளம்பினேன். போகிற போக்கில் செருப்பை நடைவழியில் விட்டவர்களுக்கும் டிவியை அலறவிட்டவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்ததும், "ஐயோ, மறுபடியும் நீங்களா!" என்றாள். அவ்வளவு பாசம். இரண்டாவது மாடியிலேயே அந்தப் பெண், "நீங்க கீழ போய் உக்காருங்க சார், உங்க முழங்காலுக்கு ஆகாது" என்று கெஞ்சினாள். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கரிசனப்படாது.

இன்று காலை கீழ்த்தளக் கூடத்தில் சுவர் நிறைய ஒரு படம் ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு ஒரு புள்ளி, அவர்கள் சொன்ன பதிலுக்கு ஒரு கோடு. முப்பத்தைந்து கோடும் ஒன்று பாக்கியில்லாமல் என் வீட்டுப் புள்ளியில் வந்து முட்டின! மலைத்துப் போய் நின்றுவிட்டேன். "மூணு வருஷமா இருபத்திரண்டு கட்டிடம் பாத்துட்டேன் சார். இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல" என்றாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். எனக்குக் கேட்டவரைக்குமே போதும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடியேறி வந்துவிட்டேன். "உங்ககிட்ட எவன் பேசுவான்" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாளே உன் அண்ணி, அவள் இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்.

இப்படிக்கு,
எல்லாருக்கும் வேண்டப்பட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் போட இறங்கியவன் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். படம் எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று அந்தப் பெண்ணிடம் இப்போதுதான் கேட்டேன். பதினான்காவது கேள்வியாம்: "மாடிப்படியில் யார் வருவதைக் கண்டால் வீட்டுக்குள் திரும்பிவிடுவீர்கள்?" படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், தங்கச்சி. அழுகை வந்தது. உன் வீட்டுக்கு எந்த ரயில் என்றுகூட யோசித்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மீதியையும் கேளுங்க சார். நான் பாத்ததுல இங்கதான் எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசறாங்க. நிம்மதி மார்க்கும் இங்கதான் அதிகம். எப்படிப் பழக்கமாச்சுன்னு கேட்டா, உங்களைப் பத்திப் புலம்பப் போய்த்தான் ஆரம்பிச்சுதாம். நீங்க போயிட்டீங்கன்னா…" என்று நிறுத்திக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்தைந்து குடும்பம், தங்கச்சி! நான் எப்படி விட்டுவிட்டு வர முடியும்? நான்காவது மாடியில் காலியாக இருந்த வீட்டுக்கு நேற்று ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பாவம், இன்னும் ஒருவரோடும் பழக்கமில்லையாம். இதைப் பெட்டியில் போட்டதும் நேராகப் போய் அவர்கள் கதவைத் தட்டப்போகிறேன். என்ன குறை சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. உள்ளே போனால் ஏதாவது கிடைக்கும்.