குளிர்பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கமெண்ட்

செங்கல்பட்டு,
ஆடிக் கடைசி வெள்ளி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய துரை மாமா அவர்களுக்கு, மைத்துனன் தீனதயாளன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வசந்தாவும் கீர்த்தனாவும் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும் சாரதாம்பாள் அக்காவின் சுகத்தையும் அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டியும் வைகுண்ட ரதமும் வாடகைக்கு விடுகிற ஒருவன் ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், கேட்கப்பட்டவரின் முகம் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்ச நாளாக நன்றாகப் பார்த்துவிட்டேன். ஆகையால் கேட்கவில்லை. நன்றாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். தங்கள் நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் மூன்று மொழிகளில் சொல்கிறாள். வாட்ஸப்பில் அனுப்பிய மன்னிப்புகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. கீர்த்தனா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “பிளாக் பண்ணிட்டாருபா மாமா. நீ போட்ட கமெண்ட்டுக்கு யாரா இருந்தாலும் பண்ணுவாங்க” என்று சொல்லிவிட்டாள். தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடவும்.

எல்லாம் தொடங்கியது தொழில் படுத்ததால்தான் மாமா. நம் ஊரில் யாரும் சாகாமல் இல்லை, சாகிறார்கள், ஆனால் என்னைக் கூப்பிடாமல் சாகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு புது கம்பெனி வந்திருக்கிறது, போனில் தட்டினால் வெள்ளைச் சட்டை போட்ட நான்கு பேர் பெட்டியோடு வந்து இறங்கிக் குனிந்து வணங்குகிறார்களாம். நாவலூர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மகள் கீர்த்தனா, “நீ நல்லாத்தான் பண்றபா. ஆனா நீ இருக்கிறதே யாருக்கும் தெரியல. உன்னை நீயே எடுத்துச் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவாங்க?” என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து, ‘நித்திய சாந்தி குளிர்பெட்டி மற்றும் வைகுண்ட ரதம்’ என்று பெயர் போட்டு, முகப்புப் படமாக மாலை போட்ட பெட்டியை வைத்து, என் போனிலேயே ஏற்றிக் கொடுத்தாள். தினமும் ஏதாவது போட வேண்டுமாம், முகத்தைக் காட்ட வேண்டுமாம், சிரிக்க வேண்டுமாம். “நான் சிரிச்சா நல்லாவா இருக்கும்மா, என் தொழிலுக்கு?” என்றேன். “லைட்டா சிரிபா, பல்லு தெரியாம” என்றாள். அன்று மாலை முழுவதும் பல் தெரியாமல் சிரித்துப் பார்த்தேன். வசந்தா பார்த்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள்.

முதல் வீடியோவுக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கடல் வேண்டும் என்று கீர்த்தனா சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை ரதத்தைக் கழுவி, சாமந்தி கட்டி, மகாபலிபுரம் கடற்கரைக்கு ஓட்டிப் போனோம். நான் வண்டி முன்னால் நின்று, ‘வணக்கம், நான் உங்கள் தீனதயாளன், உங்கள் கடைசிப் பயணத்தில்’ என்று ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் பலூன் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம் பலூனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. கல்யாணப் படம் எடுக்க வந்திருந்த ஒரு ஜோடியில் பெண் அழத் தொடங்கிவிட்டாள். ஐஸ் விற்கிற கண்ணாயிரம் என்பவர் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“யோவ், இன்னாய்யா இது? சாவு வண்டியக் கொணாந்து நடு பீச்சுல நிறுத்திகினுகீற? எவன்யா ஐஸ் வாங்குவான்?”

“விளம்பரம் எடுக்குறோம்ங்க. அஞ்சு நிமிஷம்.”

“விளம்பரமா? செத்தவனுக்கு இன்னாத்துக்குயா விளம்பரம்? பேஜாரு பண்ணாத, எட்றா வண்டிய!”

அவர் திட்டியது முழுவதும் வீடியோவில் பதிவாகி இருந்தது. கீர்த்தனா அதை வெட்டிவிட்டுப் போட்டாள். பார்த்தவர்களில் பாதிப்பேர் நம் வீட்டு ஆட்கள். மீதிப் பாதி எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை, தவறி வந்திருக்கலாம்.

அப்புறம்தான் அது நடந்தது. தாங்கள் ஓ.எம்.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்தபடி படம் எடுத்து, ‘நாளை இதய ஆபரேஷன், அனைவரும் பிரார்த்திக்கவும்’ என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது மாமா. அப்பா போன பிறகு எனக்கு ஒரு பெரியவர் என்று இருந்தது தாங்கள்தான். தாங்கள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே எழுதினேன்: ‘கவலை வேண்டாம் மாமா. நான் இருக்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். நானே நேரில் வந்து அழைத்துச் செல்கிறேன்.’ டிஸ்சார்ஜ் ஆனதும் காரில் வீட்டுக்கு அழைத்துப் போவதைத்தான் சொன்னேன், நம் குலதெய்வத்தின் மேல் ஆணை. ஆனால் என் போனில் எதை எழுதினாலும் அந்தப் பக்கத்தின் பெயரில்தான் போகும்படி கீர்த்தனா வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் அவள் போனைப் பார்த்து, “ஐயோ அப்பா!” என்று கத்தியபோதுதான் தெரிந்தது. தங்கள் படத்துக்குக் கீழே, மாலை போட்ட பெட்டிப் படத்தோடு, ‘நித்திய சாந்தி’ சொல்கிறது: நானே நேரில் வந்து அழைத்துச் செல்கிறேன்.

அவள் அதை அழித்துவிட்டாள். ஆனால் அந்த மாதத்தில் நான் யார் யாருக்கெல்லாம் எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டருக்கு, ‘பிறந்தநாள் வாழ்த்துகள் ஐயா, இனி நிம்மதி.’ ஊட்டி போன பக்கத்து வீட்டுக்காரருக்கு, ‘குளிர் பழகிவிடும்.’ அவர் ஊட்டியிலிருந்து திரும்பி வந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன் மாமா. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செக்யூரிட்டி நின்றிருந்தார். “யாரு நீங்க?” என்றார். யார் என்று கேட்டால் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிற பழக்கம், ‘நித்திய சாந்தி’ விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

“இன்னாய்யா மனுசன் நீ? உள்ள ஆளு இன்னும் உசுரோட கீறாரு. அதுக்குள்ளயே வந்துகினு. போய்யா அப்பால!”

“நான் அவரோட மச்சானுங்க...”

“இப்படித்தான் எல்லாரும் சொல்றானுங்க.”

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். கையை ஆட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா, எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அழுகை பார்த்தவன் நான். ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து அன்று நான் அழுததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மாள், “பெரிய சாவா தம்பி?” என்று கேட்டாள்.

தாங்கள் பிழைத்து வீடு வந்த செய்திகூட திருக்கழுக்குன்றம் பஸ் கண்டக்டர் பாலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றே பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். தங்கள் தெருமுனையில் இறங்கியதும் பெட்டிக்கடைக்காரர், “இன்னா அண்ணாத்த, இந்தப் பக்கம்? யாருக்கு?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். பழத்தை பாலாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த ஃபேஸ்புக் பக்கத்தை மூடிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். ஆனால் மறுநாள் காலை நெம்மேலிக் குப்பத்திலிருந்து இருசப்பன் என்பவர் கூப்பிட்டார். மீன்பிடிக்கிறவர். அம்மா ஆதியம்மாள் தவறிவிட்டார்கள். பெட்டி கொண்டுபோய் இறக்கினேன். அவருடைய தம்பி சுதாகர் குவைத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. இருசப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாத்த, உனுக்கு ஏதோ பேஜு கீதாமே. அதுல லைவ் போடு. தம்பி அங்கேர்ந்து பாத்துக்குவான். அவன் ரூம்ல கீற நம்ம ஊரு பசங்களும் பாப்பாங்க.”

எனக்கு லைவ் போடத் தெரியாது. கீர்த்தனாவிடம் கேட்டுக் கேட்டு அழுத்தினேன். லைவில் எங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். போனில் தெரிந்த பெட்டிக் கண்ணாடி மேல் இதயங்கள் பறந்தன. ஒருவன் சிரிக்கிற மூஞ்சி போட்டான். ஒருவன், ‘எந்த பீச் ப்ரோ? செம வியூ’ என்று கேட்டான். அணைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோகும்போது சுதாகர் எழுதினான்: ‘அண்ணாத்த, அம்மா மூஞ்சிய கிட்டக்க காட்டு.’ கிட்டப் போனேன். ‘பொட்டு சரியா வெக்கல. சுவேதாவ வெக்கச் சொல்லு.’ சுவேதா அவன் மனைவி. அவளிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே பொட்டைச் சரி செய்தாள். ‘கால காட்டு அண்ணாத்த. தொட்டுக்கணும்.’ பெட்டியின் கால்மாட்டில் மண்டியிட்டு, போனை அந்தப் பாதங்களோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் ‘போதும் அண்ணாத்த’ என்று எழுதும்வரை எடுக்கவில்லை. கடற்கரையில் என்னைத் துரத்திய மாதிரி அங்கே யாரும் துரத்தவில்லை. கடல் அதே கடல்தான்.

அந்த வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. போன் ஓயவில்லை. பெட்டி கேட்கிறவர்கள் இப்போது பெட்டியைக் கேட்பதில்லை, ‘அந்த லைவ் அண்ணன் வருவாரா?’ என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் திருவிடந்தையில் ஒரு சாவு வீட்டில் பாடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். சிரிங்க அண்ணா என்றார்கள். நினைத்தால் சோறு இறங்கவில்லை. மறுபடி பக்கத்தை மூடிவிடக் கிளம்பினேன். அப்போது இருசப்பன் என் கடை வாசலில் வந்து நின்றார். கண்ட கண்டவன் போட்ட கமெண்ட்டையெல்லாம் பார்த்துவிட்டு அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். கையில் பையோடு வந்தவர், அதில் இருந்த சங்கரா மீனை மேஜைமேல் வைத்தார்.

“அண்ணாத்த, அந்த வீடியோவ மட்டும் எட்த்துடாத. தம்பி டெய்லி டூட்டி முட்சிட்டு வந்து அத்தத்தான் பாத்துகினுகீறான்.”

இதுதான் மாமா என் நிலைமை. மூடினால் சுதாகருக்கு அவன் அம்மா இல்லை. மூடாவிட்டால் எனக்கு மாமா இல்லை. கீர்த்தனாவுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம், பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். தட்டு மாற்றும்போது என் பக்கம் பெரியவராகத் தாங்கள் நிற்க வேண்டும். மூடு என்று ஒரு வார்த்தை சொன்னால் மூடிவிட்டு, குவைத்துக்குப் போனில் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். கோபம் தீரவில்லை என்றால் நேரில் கூப்பிட்டுத் திட்டவும். பஸ்ஸில் வருகிறேன், ரதத்தில் வரமாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடவும். தாங்கள் நீண்ட நாள், மிக நீண்ட நாள், என் தொழில் எக்கேடு கெட்டாலும் சரி, நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்
தீனதயாளன்

பின்குறிப்பு: இதை உறையின் வெளிப்பக்கத்தில் எழுதுகிறேன், உறையை ஒட்டியாகிவிட்டது. இப்போதுதான் ஏதோ புது நம்பரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அந்தப் படம் போட்ட அன்றே தங்கள் போன் ஆஸ்பத்திரியில் காணாமல் போய்விட்டதாமே. “எல்லா நம்பரும் அதுலதான்டா கீது. பாலாகிட்ட வாங்கித்தான் உனுக்குப் பேசறேன். கோவமா? எந்தக் கோவம்? கமெண்ட்டா? நாங்க யாரும் ஒண்ணுத்தயும் பாக்கலியே. கண்ணாடி வாசலாண்டயா? அன்னிக்கி அழுதுகினு இருந்தேன், எதிர்ல எமன் வந்து நின்னாலும் தெரிஞ்சிருக்காது. நீ ஏன்டா மாமாவ வந்து பாக்கவே இல்ல? அவரு டெய்லி கேட்டுகினே கீறாரு” என்றாள். ஆகையால் மாமா, பத்திரிகையை மட்டும் மேல்பக்கமாக உருவிக்கொண்டு, கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடவும். பத்திரிகை உள்ளே இல்லாவிட்டால் அனுப்பியே இருக்க மாட்டேன். தாங்கள் புது போன் வாங்கியிருப்பதாகவும், ‘தீனன் ஏதோ பக்கம் ஆரம்பிச்சிருக்கானாமே, பேரு இன்னான்னு கேளு, லைக் போட்டு வுடலாம்’ என்று சொன்னதாகவும் சொல்லி அக்கா பெயர் கேட்டாள். பெயர் மறந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.