ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை

நான் கருமி. மனைவி இதைச் சொன்னபோதெல்லாம் காது கேட்காததுபோல நடித்தேன். பிறகு உண்மையாகவே கேட்காமல் போய்விட்டது. இருபத்தைந்து வருடம் அக்கராயன் வயல்களில் உழவு மெசின் ஓட்டியதற்குக் கிடைத்த பென்சன் அது.

மனைவி விடாப்பிடியாக வவுனியாவில் காது கேட்கும் கருவி விற்கும் ஒரு கடைக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த பெண், கருவியை என் காதில் மாட்டிவிட்டுத்தான் விலையைச் சொன்னாள். அதனால் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

"சோடியின்ர விலையோ, தங்கச்சி?"

"இல்லை ஐயா, ஒரு காதுக்கு."

அந்தக் காசுக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கலாம். (யாராவது தூரத்தில் நின்று கதைத்தால், அதில் ஏறிக் கிட்டப் போய்க் கேட்கலாமே!) "எனக்கு இப்ப சுகம்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். நான் மறந்துவிட்ட குடையோடு அந்தப் பெண் பஸ் நிலையம் வரை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாளாம்.

அடுத்த மாதம் மகளைப் பெண் பார்க்க ஓமந்தையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். செவிட்டு மாமனார் என்று சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அவர்கள் ஏதாவது கேட்டால், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடி மனைவி என் முழங்காலில் தட்டவேண்டும். ஒரு தட்டு, ஓம். இரண்டு தட்டு, இல்லை.

"இந்தக் கூத்துக்குப் பேசாம காது மெசினை வாங்கலாம்" என்றாள் மனைவி.

"அந்தக் காசில பிள்ளைக்குச் சங்கிலி செய்யலாம்" என்றேன். பெரிய தியாகி!

வயல் சொந்தமோ? தட்டு. ஓம். கிணறு இருக்கோ? தட்டு. ஓம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் அம்மா கேட்டது இது (பிறகுதான் தெரிந்துகொண்டேன்):

"பிள்ளைக்கு நோய் வருத்தம் ஏதும் இருக்கோ?"

மனைவி தட்டினாள். இரண்டாவது தட்டு விழுவதற்குள் நான், "ஓம்" என்று சொல்லி முடித்திருந்தேன்.

"கனகாலமாவோ?"

"ஓம்."

மனைவி பதறிப்போய் என் முழங்காலில் தவில் வாசிக்கத் தொடங்கினாள். நான் மலர்ந்த முகத்தோடு, "ஓம், ஓம், ஓம், ஓம்" என்றேன். அந்த அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

குசினியிலிருந்து மகள் தேத்தண்ணியோடு ஓடிவந்தாள். "அன்ரி, இருங்கோ! எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பாக்குத்தான் காது கேக்காது. மெசின்ர விலைக்குப் பயந்து அம்மாவைத் தட்ட வச்சிருக்கிறார்!"

அந்த அம்மா என்னையும் என் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:

"அண்ணை! இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தாறியளோ?"

அது எனக்கும் தெளிவாகக் கேட்டது. இருந்தும் பழக்கதோஷம், மனைவியின் கையைத்தான் பார்த்தேன்.

கலியாணத்துக்கு முன்பே கருவி வாங்கியாயிற்று. ஒரு காதுக்கு மட்டும்தான். மற்றக் காது அடுத்த போகத்தின் விளைச்சலைப் பொறுத்தது. இப்போது எல்லாம் கேட்கிறது. முக்கியமாக, நான் எதற்காவது அவசரப்பட்டுத் தலையாட்டினால் மருமகன் சொல்வது:

"பொறுங்கோ மாமா, மற்றத் தட்டும் விழட்டும்."